விசுவாசமும் துரைத்தனமும்: சப்பிரகமுவத் தோட்டப்புறக் கிறிஸ்தவம் குறித்துச் சில சிந்தனைகள்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களிலே விடியற்காலை மழை ஒருநாட் கூலியைக் கொண்டுபோய்விடும். பட்டை நனைந்த மரத்தில் பால் வெட்டுதல் இயலாது; வெட்டினாலும் பால் சிரட்டையிற் சேராமல் மழைநீரோடு மரத்திலே பரந்து வழிந்துவிடும். பிரட்டுக்களத்திற் பெயர் விழாத நாள் மாதக் கணக்கில் வெறும் நாளாகவே நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்றை நேரே ஏற்கும் இப்பிரதேசம் இலங்கையின் மிகுமழைப் பகுதிகளுள் ஒன்றாகும். தமிழ் வழங்கும் ஏனைய நிலங்களில் மழை வேண்டி இறைஞ்சுதலே மரபாயிருக்க, இங்குள்ள தொழிலாளிக்கோ விடியுமுன் மழை விடவேண்டும் என்பதே முதல் வேண்டுதல். இயேசு தம் சீடருக்குக் கற்பித்த செபத்திலே அன்றன்றைய உணவை அன்றன்று கேட்கும் பகுதி ஒன்றுண்டு. மாதச் சம்பளம் பெறும் நகரத்துக் கிறிஸ்தவர் அதனை வழிபாட்டு வாசகமாக ஓதிக் கடந்துவிடலாம். பெயர் விழுந்தால் உணவு, விழாவிட்டாற் கடன் என்ற நிலையிலுள்ளவர் அதனை அவ்வாறு ஓதுதல் அரிது.

நமது முற்போக்கு ஆய்வுலகம் தோட்டத் தொழிலாளரின் சமயத்தை அணுகியபோது காமன் கூத்தையும் மாரியம்மன் திருவிழாவையும் வாய்மொழிப் பாடல்களையும் ஓரளவு கவனித்துள்ளது. அவர்களுட் சிறுபான்மையினரான கிறிஸ்தவரைப் பற்றிய பேச்சு வரும்போது மாத்திரம் 'வெள்ளைக்காரன் கொடுத்த சமயம்' என்ற ஒரு தொடரோடு விடயம் முடிந்துவிடுகின்றது. கடவுளின் வல்லமையிலே சிறு பிள்ளையைப்போல நம்பிக்கை வைத்தல் என்னும் கிறிஸ்தவப் பண்பு அடிமை மனப்பான்மையின் மறுபெயராகவே கொள்ளப்படுகின்றது. மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், 1844 இல் வெளிவந்த அதே கட்டுரையில், துன்புறுவோர் தம் வேதனையை வெளியிடும் வழியாகவும் அவ்வேதனைக்கெதிரான முறைப்பாடாகவும் மதத்தைக் கண்டார் என்பதை நம்மிற் பலர் வசதியாக மறந்துவிடுகின்றோம். 'பிள்ளை' என்னும் படிமத்தைத் தோட்ட நிர்வாகம் ஒரு பொருளிலும், அதனைத் தம் செபத்தில் ஏற்றுக்கொண்ட தொழிலாளர் வேறொரு பொருளிலும் கையாண்டனர் என்பதே இங்குக் கூற விழைவது.

முதலிற் சொல்லிலிருந்து தொடங்குதல் நன்று. தமிழ்க் கத்தோலிக்க மரபிலே விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என மூன்று பண்புகள் வரிசைப்படுத்திக் கற்பிக்கப்பட்டன. சீர்திருத்தத் திருச்சபையினரும் விசுவாசம் என்ற சொல்லையே ஏற்றனர். ஆயின் பேச்சுத் தமிழில் விசுவாசத்துக்கு இன்னொரு வாழ்வுமுண்டு. உண்ட வீட்டுக்கு விசுவாசம், எசமான் விசுவாசம், நாயின் விசுவாசம் என்றெல்லாம் வழங்குகின்றோம். கடவுளிடத்து வைக்கும் பற்றுறுதியும் எசமானிடத்துக் காட்டும் பணிவும் ஒரே சொல்லிற் குடியிருப்பது தற்செயலாக இருக்கலாம். பெருந்தோட்டத்தில் இத்தற்செயல் மிகப் பயனுள்ளதாயிற்று. துரைமார் உபதேசியாருக்குச் சம்பளம் கொடுத்தது இரண்டாம் பொருளுக்காகவே. உபதேசியார் கற்பித்ததோ முதற் பொருளை. கேட்டிருந்தவர்களின் காதில் எது விழுந்தது என்பதே வரலாற்று வினா.

இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் வேலைசெய்த தமிழ்த் தொழிலாளரிடையே சமயப்பணி ஆற்றுவதற்கெனத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்னும் அமைப்பு 1854 இல் தொடங்கப்பட்டது. இதன் தோற்றத்தில் முன்னின்றோர் துரைமார். திருச்சபை மிஷனரிச் சங்கம் மிஷனரிமாரை வழங்கிற்று. உபதேசிமாரின் செலவைத் தோட்டக்காரர் ஏற்றனர். திருநெல்வேலியிற் பணியாற்றிய செப்டிமஸ் ஹொப்ஸ் என்னும் பாதிரியார் இதனை நடத்த வந்தார். உபதேசிமாரும் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வருவிக்கப்பட்டனர். தொழிலாளரைக் கொண்டுவந்த கடல்வழியே அவர்களுக்குரிய போதகரையும் கொண்டுவந்தது.

இம்முயற்சியை வெறும் சூழ்ச்சியெனக் கூறுதல் பொருந்தாது. அக்காலத் துரைமாருள் உண்மையான சமயப்பற்றுடையோரும் இருந்தனர். எனினும் அவர்தம் பற்றுக்கும் அவர்தம் நலனுக்கும் இடையே முரண்பாடு தோன்றாதிருந்தமை கவனிக்கத்தக்கது. குடியாத, ஓடாத, குறித்த நேரத்திற் பிரட்டுக்கு வருகின்ற தொழிலாளியைச் சமயம் ஆக்கித்தருமாயின் அது நல்ல முதலீடே. காலனித்துவ எழுத்துகளில் தொழிலாளி வளர்ந்த குழந்தையாகவும், துரை அவனைத் திருத்திக் காக்கும் தந்தையாகவும் வருவது பொது வழக்கு. அந்தத் தந்தையின் கையிலிருந்த சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டு நீங்குவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. கடன் தீர்ந்தமைக்குச் சான்றான 'துண்டு' இன்றி ஒருவர் வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாத முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது. பிள்ளை என்று அழைக்கப்பட்டவன் வீட்டை விட்டு ஓடினாற் கிடைத்தது விலங்கு.

உபதேசியாரின் நிலை இருதலைக்கொள்ளி போன்றது. ஞாயிறுதோறும் லயத்து முற்றத்தில் அல்லது கொட்டகையில் ஆட்களைக் கூட்டிச் செபஞ் சொல்வதும், பல தோட்டங்களில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதும் அவரே. சம்பளம் துரையிடமிருந்து, இருப்பிடம் தோட்டத்தில், பேச்சோ ஏழைகளின் கடவுளைப் பற்றியது. சாதியும் இடையிலே நின்றது. தொழிலாளருட் பெரும்பாலோர் தீண்டத்தகாதாராக ஒதுக்கப்பட்ட சாதியினர்; கற்றுத் தேர்ந்து உபதேசியாராக வந்தோர் பலர் அவரினின்றும் வேறான சாதியினர். 1833 இல் கல்கத்தா ஆயர் டானியேல் வில்சன் திருச்சபையுள் சாதி வேறுபாடு அறவே நீங்குதல் வேண்டுமெனப் பணித்திருந்தார். பணிப்புரை எளிது, ஒரே பாயில் இருத்தல் எளிதன்று.

இவ்வுபதேசிமார் புறப்பட்டு வந்த திருநெல்வேலிச் சீமையிலே அக்காலத்தில் வேறொரு வகைச் சமய வாழ்வும் நிலவியது. இரேனியஸ் பாதிரியாரிடம் கற்ற ஜோன் கிறிஸ்டியன் அருளப்பன் (1810-1867) எந்த மிஷனிடமும் சம்பளம் பெற மறுத்து, கடவுள் தருவார் என்ற நம்பிக்கையொன்றையே முதலாகக்கொண்டு கிறிஸ்டியான்பேட்டை என்னும் ஊரை அமைத்து வாழ்ந்தார். 1860 இல் அவரைச் சூழ்ந்து எழுந்த எழுப்புதல் இயக்கம் ஐரோப்பிய மிஷனரிமாரை வியப்பிலும் கலக்கத்திலும் ஆழ்த்திற்று. குழந்தையைப்போல் நம்புதல் என்பது ஒரு தமிழனின் கையில் வெள்ளையரின் சம்பளப் பட்டியலினின்றும் விடுபடும் வழியாயிற்று என்பதை இங்கு மனங்கொள்ளுதல் வேண்டும். அதே நம்பிக்கையைத் தோட்டத்தில் போதித்தவரோ சம்பளப் பட்டியலுக்குள்ளே இருந்தார்.

1876 இல் கொழும்பு ஆயராக வந்த கொப்பிள்ஸ்டன் மிஷனரிமாரோடு மோதி அவர்களது அனுமதிப் பத்திரங்களை மீளப்பெற்ற புகழ்பெற்ற பிணக்கில் தமிழ்க் கூலி மிஷனும் நடுநாயகமாக நின்றது. உபதேசியார் ஆயருக்குக் கட்டுப்பட்டவரா, சங்கத்துக்கா, பணங்கொடுக்கும் துரைமாருக்கா என்று சில ஆண்டுகள் வழக்காடினர். எவரும் தொழிலாளரைக் கேட்டிலர்.

சப்பிரகமுவ, நுவரெலியாவைப்போல ஒரே தொடர்ச்சியான தேயிலை மலையன்று. எட்டியாந்தோட்டை, தெகியோவிற்ற, தெரணியகலை, பெல்மதுளை, பலாங்கொடை, இறக்குவானை எனத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. தமிழிற் பூசை நடத்தும் குருவானவர் எப்போதாவது வந்துபோவார். எஞ்சிய நாட்களிற் சமயம் வீட்டில் வாழ்ந்தது. கத்தோலிக்கரைப் பொறுத்தவரை இப்பிரதேசம் 1893 இல் நிறுவப்பெற்ற காலி மறைமாவட்டத்தின்கீழ் பெல்ஜிய இயேசுசபையினரின் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தது. இரத்தினபுரி தனி மறைமாவட்டமானது 1995 இலேயே. ஆகவே மாலைச் செபமாலையை முன்னின்று சொன்ன பாட்டியும், காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு அந்தோனியாரிடம் நேர்ந்துகொண்ட தாயுமே இங்குத் திருச்சபை. பக்கத்துக் காம்பராவில் மாடசாமிக்கு விளக்கு எரிந்தது; நோய் வந்தபோது ஒருவர் கும்பிடும் தெய்வத்துக்கு மற்றவர் காசு முடிந்து வைத்தலும் நிகழ்ந்தது. இறையியலாளர் இதனைக் கலப்பு என்பர். ஆபத்தில் எந்தக் கதவையும் தட்டும் பிள்ளையின் செயலாகவும் இதனைக் காணலாம்.

இக்கத்தோலிக்க நினைவிலே யோசவ்வாஸ் முனிவருக்குத் தனியிடமுண்டு. கோவையினரான அவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த 1687 இல், ஏழைக் கூலியாளின் கோலத்திலே யாழ்ப்பாணத்தில் வந்திறங்கித் தமிழ் கற்றார். 1692 இற் கண்டியை அடைந்தார். சப்பிரகமுவ அக்காலத்தில் கண்டியரசின் ஒரு கூறு. அவ்வாண்டுகளில் வறட்சி நேர்ந்தபோது வெளியிடத்தில் பீடம் அமைத்து அவர் வேண்ட மழை பொழிந்தது எனவும், பீடம் மட்டும் நனையாதிருந்தது எனவும் மரபுரை கூறும். 2015 ஜனவரி 14 ஆம் நாள் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். மரபுரையின் உண்மை பொய்யை ஆராய்தல் இங்கு நோக்கமன்று. கூலியாளாய் வந்த ஒருவர் மன்னனின் நாட்டில் மழையைப் பணித்தார் என்ற கதை, மழையினாற் கூலி இழக்கும் கூலியாளின் வீட்டில் எவ்வாறு கேட்கப்பட்டிருக்கும் என எண்ணிப் பார்த்தல் தகும்.

சீர்திருத்தச் சபையினரிடையே இதற்கு நிகரான ஒரு சான்று மொழியிலேயே உள்ளது. பவுல் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்களில், மனிதரை அடக்கியாளும் காணப்படாத ஆதிக்கங்கள் கூறப்படுகின்றன. கிறிஸ்து அவற்றை வென்றார் என்பது அங்குள்ள செய்தி. தமிழ் வேதாகமம் அவ்வாதிக்கங்களுக்கு இட்ட பெயர் 'துரைத்தனங்கள்' என்பதாகும். மொழிபெயர்த்தோர் தோட்டத்தை நினைத்து இச்சொல்லைத் தேர்ந்தாரல்லர்; ஆளுகை என்ற பொதுப் பொருளிலேயே இட்டனர். ஆயின் சின்னத்துரை, பெரியதுரை என்று நாள்தோறும் சொல்லித் தொப்பியைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்த மக்கள், துரைத்தனங்கள் தோற்கடிக்கப்பட்டன என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டனர். அதனை அவர் எவ்வாறு விளங்கினர் என்பதற்குத் துரைமாரின் அறிக்கைகளிற் சான்று தேடுதல் வீண். கடவுளின் வல்லமை என்பது துரையின் வல்லமைக்கு மேலே நிற்கும் ஒன்று என்ற எண்ணம், அரசியற் கொள்கை எதுவும் வந்து சேருமுன்னரே, இவ்வழியாக லயத்தினுள் நுழைந்தது என்றே கருதுகின்றேன்.

இனிப் பிள்ளைக்கு வருவோம். சுவிசேஷத்தில் இயேசு ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி, அதனைப்போல் ஆகாதவர் இறையரசிற் புகார் என்கிறார். ஞாயிற்றுப் பள்ளிப் படங்களில் அப்பிள்ளை கொழுத்த கன்னமும் சுருண்ட மயிருமாய், கள்ளமற்றதும் கீழ்ப்படிவுள்ளதுமாய் இருக்கும். இப்படம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நடுத்தர வர்க்க வீட்டின் சிருட்டி. முதலாம் நூற்றாண்டின் உரோமப் பேரரசிற் பிள்ளை என்பது உரிமை எதுவுமற்ற ஓர் உயிர். தந்தையின் அதிகாரத்துக்கு முழுவதும் உட்பட்டது. கீழ்ப்படிவை மெச்சுவதற்காக அன்றி, உரிமையற்றோரின் இடத்தைச் சுட்டுவதற்காகவே இயேசு பிள்ளையைக் காட்டினார் எனக் கொள்ளும் விவிலிய ஆய்வாளர் பலர். அவ்வாறாயின் தோட்டத் தொழிலாளிக்குப் பிள்ளையாதல் என்பது பயின்றடையவேண்டிய ஒரு பண்பன்று. அவர் அந்த நிலையிலேயே பிறந்தார்.

தோட்டத்துப் பிள்ளைப்பருவத்தை நேரிற் காண விரும்புவோர் பிள்ளைக்காம்பராவிலிருந்து தொடங்கலாம். கைக்குழந்தையை அங்குள்ள ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டுத் தாய் மலைக்கு ஏறுவாள். பால்கொடுக்க நடுவில் ஒருமுறை இறங்கி வருவாள். சற்று வளர்ந்ததும் பிள்ளையே குறைந்த கூலிக்குச் சில்லறை வேலை செய்யும் ஆளாகும். தாய் திரும்பி வருவாள் என்ற பிள்ளையின் நம்பிக்கையில் அறியாமை மட்டுமா உள்ளது? பசியும் அழுகையும் உள்ளன. அழுதால் ஒருவர் வருவார் என்ற உரிமையுணர்வும் உள்ளது. அழாத பிள்ளைக்குப் பால் இல்லை என்பது நம்மவர் வழக்கு. சங்கீதங்களில் முறையிடும் குரல் இவ்வகைப்பட்டது. பணிவுள்ள பிள்ளையை விரும்பிய துரைத்தனம் அழும் பிள்ளையை எதிர்பார்க்கவில்லை.

இந்நம்பிக்கைக்கு ஆபத்தான ஓரம் ஒன்றும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. 1920 களில் கொழும்பிலே கேரளத்தவரான போல் என்னும் போதகரும் அல்வின் டி அல்விஸும் தொடக்கிய இலங்கைப் பெந்தெகொஸ்தே சபை, ஊழியர் சம்பளமின்றிக் கூடிவாழும் இல்லங்களுக்கு 'விசுவாச வீடு' என்று பெயரிட்டது. கடவுளே வைத்தியர் எனக்கொண்டு மருந்தை விலக்குதல் அதன் ஊழியரின் ஒழுக்கமாயிருந்தது. 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. நீர் குறைந்த ஆறுகளின் குட்டைகளில் நுளம்பு பெருகி, அவ்வாண்டின் இறுதியிலிருந்து 1935 வரை மலேரியா நாட்டை வாட்டிற்று. இறந்தோர் சுமார் 80,000. கேகாலை மாவட்டம் மிகக் கடுமையாகத் தாக்குண்டவற்றுள் ஒன்று. அப்போது வீடுவீடாகச் சென்று மருந்தும் உணவும் கொடுத்தவர்கள் சூரியமல் இயக்கத்து இளைஞர். அவர்களுட் பலர் கடவுள் நம்பிக்கையற்ற மார்க்சியவாதிகள். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேராவை 1936 இல் றுவான்வெல்லைத் தொகுதி அரசாங்க சபைக்கு அனுப்பிற்று. கொயினாவை மறுக்கும் விசுவாசம் பிள்ளையையே பலியிடக்கூடும். கடவுளைச் சோதித்துப் பார்த்தலாகாது என்னும் எச்சரிக்கை கிறிஸ்தவ மூலநூலிலேயே உண்டு. கோபுர உச்சியிலிருந்து குதி என்றவன் அங்குப் பிசாசு. மருந்து கொண்டுவந்த கை எவருடையது என்று கேளாமல் வாங்கி, பின் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திய தாய், இரு தரப்புக் கோட்பாட்டாளரைக் காட்டிலும் தெளிவுடையவளாகவே தோன்றுகின்றாள்.

1946 இல் கேகாலை உந்துகொடைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மயர்த் தோட்டத்தை, தொழிலாளர் வழக்கில் உருளவள்ளியை, அரசாங்கம் கிராம விரிவாக்கத்துக்கென எடுத்துத் தமிழ்த் தொழிலாளரை வெளியேறப் பணித்தது. அவர்கள் லயத்தை விட்டு அசைய மறுத்தனர். வேலைநிறுத்தம் ஏனைய தோட்டங்களுக்கும் பரவிற்று. அத்துமீறி இருந்ததாக வழக்குத் தொடுக்கப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. இப்போராட்டம் எந்தச் சமயத்தின் பெயராலும் நடந்ததன்று. இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே லயத்தில் வாழ்ந்த மக்களின் போராட்டம். தொண்ணூறு ஆண்டுகளாகப் பணிவுள்ள பிள்ளைகள் என வருணிக்கப்பட்டோர் இவர்களே. மேன்முறையீடு இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றது. அத்தொழிலாளியின் முதன்மை நோக்கம் பிறரைத் தொல்லைப்படுத்துவதன்று, தன் வீட்டைக் காத்துக்கொள்வதே எனக் கண்டு 1950 இல் அக்கழகம் தண்டனையை நீக்கிற்று. அதற்குள் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவரைப் போன்றோரை நாட்டிலேயே உரிமையற்றோராக்கிவிட்டிருந்தது. அறையில் இருக்கலாம், நாட்டில் இருக்க முடியாது.

1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. 1977 இலும் 1981 ஆகஸ்டிலும் 1983 இலும் வன்முறை வந்தது. 1981 இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களே அதன் முதன்மைக் களங்களுள் ஒன்று. லயங்கள் எரிய, மக்கள் பிள்ளைகளோடு தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் இரவைக் கழித்தனர். பலர் வவுனியாவுக்குப் பெயர்ந்தனர். கண்டியில் 1972 இல் சத்தியோதயத்தை நிறுவிய இயேசுசபைக் குரு போல் கஸ்பஸ், 1958 இல் தோன்றிய கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை, குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க ஆகியோரின் குரல்கள் அக்காலத்தில் திருச்சபையின் மனச்சாட்சியாக ஒலித்தன. நாடற்றோர் என்ற நிலை சட்டப்படி நீங்கியது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலாகும். இடைப்பட்ட ஆண்டுகளில் பெரிய சபைகளின் கோயில்கள் எட்டாத லயங்களில் சிறு செபக்கூடங்கள் தோன்றின. நோய் நீக்கமும் கடவுளின் வல்லமையுமே அங்கு முதற்பொருள். ஏறத்தாழ அருளப்பன் காலத்துப் பேச்சை ஒலிபெருக்கியில் கேட்பது போலிருக்கும். இவற்றை வெளிநாட்டுப் பணத்தின் விளைவு என்று மட்டும் கூறி ஒதுக்குவோர், அங்கு வரும் பெண்களுக்கு மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து பார்த்தல் வேண்டும்.

மழையோடு தொடங்கினோம். 2016 மே 17 ஆம் நாள் கேகாலை மாவட்டத்தில் பெய்த பெருமழையில் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளிற் புளத்கொகுப்பிட்டிய, களுப்பஹனத் தோட்டத்தில் லயத்தின்மேல் மண் விழுந்து தொழிலாளர் குடும்பங்கள் புதையுண்டன. அதன்பின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்குந்தோறும் மலைச்சரிவு லயங்களிலுள்ளோர் பிள்ளைகளையும் பாயையும் எடுத்துக்கொண்டு பாடசாலைக்கும் கோயிலுக்கும் செபக்கூடத்துக்கும் இறங்குகின்றனர். விடியுமுன் மழை விடவேண்டும் என்பதே அங்கும் வேண்டுதல். மழை விட்டதும், பிரட்டு நேரத்துக்குமுன், அதே லயத்துக்கு ஏறிச் செல்கின்றனர்.